புயல் தணிந்தது, மழை தணிந்ததா?



மழைக் காலத்தில் நாம் அடிக்கடி கேட்கும் செய்தி ஒன்று உண்டு. "புயல் வலுவிழந்துவிட்டது" என்பதே அது. இதைக் கேட்டவுடன் பல வீடுகளில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழும். கட்டி வைத்த துணி மூட்டையை அவிழ்ப்பார்கள். மேட்டுப் பக்கம் உறவினர் வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். ஆற்றோரம் கட்டியிருக்கும் மாட்டை அங்கேயே விட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். 'வலுவிழந்தது' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன? எது வலுவிழந்தது, எது வலுவிழக்கவில்லை? இன்று இதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

முதலில் நம் வாசலுக்கே வந்த ஒரு புயலை எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் மாதக் கடைசியில் மலாக்கா நீரிணையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு சுழலத் தொடங்கியது. நவம்பர் 26-ஆம் தேதி அது புயலாகி, 'சென்யார்' என்று பெயர் பெற்றது. அன்றே சுமத்திராவின் வடகிழக்குக் கரையில் ஏறியது. பிறகு வந்த வழியே திரும்புவதுபோல் கிழக்கே நகர்ந்து, நீரிணையைக் கடந்து, 27-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி சிலாங்கூர்க் கரையைத் தொட்டது. நம் பேராக் மாநிலத்துக்குத் தெற்கே, அடுத்த வீடு என்று சொல்லத்தக்க தூரம்.

இது ஏன் வியப்பான செய்தி என்றால், நீரிணை புயல் பிறக்கும் இடம் அன்று. மேற்குக் கரைத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு 'சுமத்திராக் காற்று' நன்றாகத் தெரியும். விடியற்காலையில், மரம் சீவப் புறப்படும் நேரத்தில், மேற்கே கருத்துக்கொண்டு வரும். கூரைத் தகரத்தைத் தூக்கும், கிளைகளை முறிக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அது வரிசையாக ஓடிவரும் இடிமேகக் கூட்டம். புயல் என்பது வேறு. அது நடுவில் ஒரு மையம் வைத்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குக் காற்றையும் மேகத்தையும் சுற்றவைப்பது.

அப்படிச் சுற்றுவதற்குப் பூமியின் சுழற்சி துணை செய்ய வேண்டும். பூமி சுழல்வதால், அதன் மேல் ஓடும் காற்று நேராகப் போகாமல் ஒரு பக்கம் திரும்புகிறது. நிலநடுக்கோட்டின் மேல் இந்தத் திருப்பம் இல்லை. கோட்டை விட்டு வடக்கேயோ தெற்கேயோ போகப்போகத்தான் அது கூடும். ஆகவே கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது அரிது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஈப்போ நகரம் கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ நாலரைப் பாகையில் இருக்கிறது. நாம் புயலுக்கு வெளியே இருப்பவர்கள் என்று நம் பெரியவர்கள் நினைத்ததில் தவறில்லை.

என்றாலும் அரிது என்பதற்கு 'நடக்கவே நடக்காது' என்று பொருள் இல்லை. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி 'வாமெய்' என்ற புயல் தென்சீனக் கடலில், கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகையில் உருவாகி, ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. உலகப் புயல் ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் வாயில் விரல் வைத்தார்கள். கரையேறியதும் அது வலுவிழந்தது. அதன் பின்பும் பெய்த மழையில் ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம் வந்தது. குனோங் பூலாயில் மண் சரிந்து ஐந்து உயிர்கள் போயின. தளர்ந்துபோன அந்தச் சுழல் சுமத்திராவையும் தாண்டி, மறுபக்கத்துக் கடலில் மீண்டும் உயிர் பெற்றது.

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. வலுவிழந்த பின்பும் மனிதர் சாவது எப்படி?

புயலுக்கு எரிபொருள் வெதுவெதுப்பான கடல்நீர். கடலின் மேற்பரப்பு 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால், அதிலிருந்து எழும் நீராவி மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பமே புயலைச் சுழற்றும் சக்தி. தரைக்கு வந்ததும் நீராவி வரத்து குறைகிறது. மலையும் மரமும் கட்டடமும் காற்றைத் தேய்க்கின்றன. காற்றின் வேகம் தணிகிறது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால், வானிலைத் துறையினர் அதைப் புயல் என்று சொல்வதில்லை. 'தாழ்வு மண்டலம்' என்பார்கள். ஆக, 'வலுவிழந்தது' என்ற சொல் காற்றை அளந்து சொன்ன சொல். மழையை அளந்து சொன்னது அன்று.

சகோதரிகளுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கொதிக்கிற உலையை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிறீர்கள். தளதளவென்ற கொதிப்பு உடனே அடங்கிவிடும். பானையில் உள்ள நீர் எங்கே போயிற்று? அத்தனையும் அங்கேயே இருக்கிறது. கை பட்டால் சுடவும் செய்யும். கரையேறிய புயலும் அப்படித்தான். பல நாள் கடலின் மேல் நின்று சேர்த்த நீரையெல்லாம் அது எங்காவது கொட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த நீர் எங்கே கொட்டும், எவ்வளவு நேரம் கொட்டும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, அது நகரும் வேகம். தண்ணீர் லாரி ஓடிக்கொண்டே நீரைச் சிந்தினால் சாலை நனையும். அதே லாரி ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அந்த இடம் குளமாகிவிடும். தளர்ந்த புயலை முன்னே தள்ளும் காற்று இல்லாவிட்டால், அது ஊர்ந்து போகும், சில சமயம் நின்றே விடும். இரண்டாவது, மலை. ஈரக் காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, இன்னும் அதிகமாகப் பொழியும்.

இதற்கு எடுத்துக்காட்டு நம் தாய்வழி நாட்டிலிருந்தே கிடைக்கிறது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு நகராமல் நின்றது. வலுவிழந்துகொண்டே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் முதல் தேதி மாலை திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரு வீட்டுக்குள்ளேயே ஏழு பேர் புதையுண்டார்கள். அதற்கு அடுத்த காலை, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை! அப்போது அது புயலே அன்று. வெறும் தாழ்வு மண்டலம். ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் காகிதக் கப்பல்போல் மிதந்துபோயின. ஈப்போவில் ஒரு மாதத்துக்குச் சராசரியாகப் பெய்வது 20 சென்டிமீட்டர் அளவு என்பதை நினைத்துப் பாருங்கள். நமக்கு இரண்டரை மாதத்தில் வரும் மழை அங்கே ஒரே நாளில் வந்திறங்கியது.

இன்னொன்று, நம் சபாவிலே நடந்தது. 1996 டிசம்பர் 26-ஆம் தேதி 'கிரெக்' என்ற புயல் அங்கே கரையேறியது. புயல் வரிசையில் அது கீழ்ப்படியில் இருந்தது. கெனிங்காவ் பக்கத்தில் வந்த வெள்ளத்திலும் சேற்றிலும் 200-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சென்யாரும் அதே போன்ற கீழ்ப்படிப் புயல்தான். நம் பக்கம் வந்தபோது நாம் பயந்த அளவுக்குக் காற்று வீசவில்லை. ஆனால் அந்த நாட்களின் மழையில் பேராக் உட்படப் பல மாநிலங்களில் வெள்ள நிவாரண மையங்கள் திறக்க வேண்டியிருந்தது. அக்கரையிலோ, அச்சே, வட சுமத்திரா, மேற்குச் சுமத்திரா ஆகிய பகுதிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அதே வாரத்தில் 'டித்வா' என்ற புயல் இலங்கையைக் கடந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளில் மண் சரிந்தது. அங்கே லயங்களில் வாழ்கிறவர்கள் நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளர்களே. இலங்கை முழுவதும் 600-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்த மக்களைக் கொன்றது கூரையைப் பிய்த்த காற்று அன்று. மலையைக் கரைத்த மழை.

நேயர்களே, இத்தகைய புயல்களை அலுவல் காரணமாகக் கவனிப்பவர்கள் வானிலைத் துறையினர். அவர்களைத் தவிர, ஆர்வத்தால் கவனிப்பவர்களும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 'வெதர்மேன்' என்று பெயர் பெற்ற பிரதீப் ஜான் அவர்களில் ஒருவர். அவர் வானிலைத் துறை ஊழியர் அல்லர். எந்த ஊரில் எந்த ஆண்டு எவ்வளவு மழை என்ற கணக்கில் இருந்த பற்று அவரை இதில் இழுத்தது. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் அவர் எழுதுவதைப் பார்த்துவிட்டே குடை எடுக்கிறார்கள்.

இப்படி ஆர்வம் கொண்டவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நம் வானத்தைப் படம் பிடிக்கிறது. அதை எவரும் கைத்தொலைபேசியில் பார்க்கலாம். நல்ல வலுவுள்ள புயலின் மேகம் இறுகப் பின்னிய கூந்தல் கொண்டைபோல் மையத்தைச் சுற்றி இருக்கும். வலுவிழக்கும்போது கொண்டை அவிழும். மையம் ஒரு பக்கம் வெறுமையாக நிற்க, மேகமெல்லாம் இன்னொரு பக்கம் ஒதுங்கிவிடும். அனுபவமுள்ள ஆர்வலர் இங்கேதான் விழிப்போடு இருப்பார். வரைபடத்தில் புயலின் பாதையை ஒரு கோடாகவும், மையத்தை ஒரு புள்ளியாகவும் போடுகிறார்கள். அந்தப் புள்ளி சிலாங்கூரில் இருக்கிறது, நமக்கென்ன என்று தாப்பாவிலோ பீடோரிலோ இருப்பவர் நினைக்கக் கூடாது. ஒதுங்கிய மேகம் புள்ளிக்கு நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளியும் மழையைக் கொட்டும். புள்ளியைப் பார்ப்பவன் புயலை அறிவான். மேகத்தைப் பார்ப்பவனே மழையை அறிவான்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. ஆர்வலர் வேறு, வதந்தி பரப்புவோர் வேறு. 'இன்று இரவு ஊர் மூழ்கும்' என்று யாரோ பேசிய குரல் பதிவு பத்துக் கை மாறி நம்மிடம் வரும். எப்போது பேசியது, எந்த ஊரைப் பற்றிப் பேசியது என்று தெரியாததை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உண்மையான ஆர்வலர், தம் கணிப்பைச் சொன்ன கையோடு, முடிவான எச்சரிக்கைக்கு வானிலைத் துறையைப் பாருங்கள் என்றும் சொல்வார். இருவரையும் பிரித்தறிய அதுவே நல்ல அடையாளம்.

மழையை அளப்பது நமக்குப் புதிது என்று எண்ண வேண்டாம். தோட்டத்து ஆபிஸ் முன்னால் புல்வெளியில் ஒரு மழைமானி இருந்ததைப் பழையவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தினமும் காலையில் அதை அளந்து, புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். ஏனெனில் பால்மரத் தோட்டத்தில் மழைக்கும் கூலிக்கும் நேரடிக் கணக்கு உண்டு. பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ முடியாது. சீவிய பிறகு மழை வந்தால் மங்கில் இருக்கும் பாலெல்லாம் வழிந்து வீணாகும். அன்றைய உழைப்பு மண்ணோடு போகும். வானத்தைப் பார்த்து 'இன்று வேலை உண்டா, இல்லையா' என்று பெரட்டுக் களத்தில் நின்றபடி சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். பேராக்கில் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் தாமான் வீடுகள் வந்துவிட்டன. அந்தக் கண்ணையும் கணக்கையும் நாம் கைவிட வேண்டியதில்லை.

வீட்டுக்கு ஒரு மழைமானி வைக்கலாம். பிள்ளைகளுக்கு நல்ல பாடமாகவும் இருக்கும். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேரான ஒரு டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். மரநிழலும் கூரையும் இல்லாத வெட்டவெளியில், சாயாதபடி நிறுத்துங்கள். தினமும் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே விட்டு, நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். பிறகு நீரைக் கொட்டிவிடுங்கள்.

இந்த மில்லிமீட்டரைச் சிறிதாக நினைக்கக் கூடாது. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் நீர். 100 மில்லிமீட்டர் பெய்தால், இருபதடிக்கு முப்பதடி உள்ள ஒரு வீட்டுக் கூரையில் மட்டும் 5,500 லிட்டருக்கு மேல் விழுகிறது. 44 காலன் பீப்பாயில் பிடித்தால் இருபத்தேழு, இருபத்தெட்டு பீப்பாய் நிறையும். ஒரு ஏக்கர் நிலத்திலோ நான்கு இலட்சம் லிட்டர். நம் மலைச்சரிவில் எத்தனை ஆயிரம் ஏக்கர்! அந்த நீரெல்லாம் கிந்தா, கம்பார், பத்தாங் பாடாங் போன்ற ஆறுகளுக்கே வந்து சேர வேண்டும்.

பேராக்கில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கிழக்கே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் வடகிழக்குப் பருவக்காற்றின் முழு வேகம் நம் மேல் விழாமல் தடுக்கிறது. அது நமக்கு அரண். அதே மலையே நமக்கு ஆபத்தும் ஆகும். நம் வாசலில் தூறல்கூட இல்லாத நேரத்தில் மலை மேல் கொட்டித் தீர்க்கலாம். 1996 ஆகஸ்டு 29-ஆம் தேதி கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங்கில் நடந்தது அதுதான். பெயர் வைத்த புயல் எதுவும் அன்று இல்லை. மேலே பெய்த மழையில் மண்ணும் மரங்களும் சேர்ந்து ஆற்று வழியே பாய்ந்து, பூர்வகுடி மக்களின் குடியிருப்பை அடித்துச் சென்றன. 44 உயிர்கள் போயின. 2025-இல் சுமத்திராவிலும் வெள்ளத்தோடு வந்தவை மலைமலையாய் மரக்கட்டைகள்.

ஆகவே 'வலுவிழந்தது' என்ற செய்தி வரும்போது, நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: அது நகர்கிறதா, நிற்கிறதா? நிற்கிறது என்றால் மழை நீடிக்கும். 

இரண்டு: கடந்த மூன்று நாட்களில் நம் டின்னில் எவ்வளவு சேர்ந்தது? ஏற்கெனவே ஊறிய மண்ணுக்கு மேற்கொண்டு குடிக்க இடம் இல்லை. சின்ன மழையும் மண்ணைச் சரிக்கும். 

மூன்று: ஆற்றின் மேற்பகுதியில் நீர் எப்படி இருக்கிறது? நீர்ப்பாசன வடிகால் துறையான ஜே.பி.எஸ். ஆற்று மட்டங்களை வெளியிடுகிறது. அதில் வஸ்பாடா என்றால் கவனம், அமாரான் என்றால் எச்சரிக்கை, பஹாயா என்றால் அபாயம். வானிலைத் துறையின் மழை எச்சரிக்கையில் வஸ்பாடா மஞ்சள், புரூக் ஆரஞ்சு, பஹாயா சிவப்பு. இந்த நிறங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். புயல் என்ற பெயர் போன பிறகும் மழை எச்சரிக்கை நீடிக்கலாம். அந்த எச்சரிக்கை எடுக்கப்படும் வரை மூட்டையை அவிழ்க்க வேண்டாம்.

மலைச்சரிவுக்கு அருகே இருப்பவர்கள் கண்ணால் காணும் அடையாளங்களும் உண்டு. தெளிந்த ஓடை திடீரெனச் செந்நிறமாவது, தரையில் அல்லது சுவரில் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது, இவை மண் நகர்வதைச் சொல்பவை. மழை கொட்டும்போது ஓடையில் நீர் திடீரென்று குறைந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். மேலே மண்ணும் கட்டையும் வழியை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடையும்போது தப்ப நேரம் இருக்காது. உடனே மேட்டுக்குப் போய்விட்டு, 999-க்குச் சொல்லுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மின்சாரத்தின் மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், இ.பி.எப்., சொக்சோ தாள்கள் ஆகியவற்றை நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். நாற்காலி போனால் இன்னொன்று வாங்கலாம். ஒரு பிறப்புப் பத்திரம் போனால், பிள்ளையின் படிப்புக்கும் குடியுரிமைக்கும் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்பதை நம் சமுதாயத்தைவிட அறிந்தவர் யார்?

ஆற்றோரம் இருக்கும் வயதானவர்கள் பெரும்பாலும் வீட்டை விட்டு வர மறுப்பார்கள். "எத்தனையோ வெள்ளம் பார்த்தாயிற்று" என்பார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. அவர்கள் பார்த்த நாட்களில் இந்த நீரிணையில் சென்யார் போன்ற ஒரு புயல் இல்லை என்பதும் உண்மை. அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, இருட்டுவதற்கு முன் அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் இடுப்பளவு நீரில் தூக்கிச் செல்வதைவிட, மாலை வெளிச்சத்தில் கைபிடித்து நடத்திச் செல்வது எளிது.

காற்று அடங்கியதா என்பதை மரத்தின் இலை சொல்லிவிடும். மழை அடங்கியதா என்பதை மேகமும், ஆறும், உங்கள் வீட்டு முற்றத்து டின்னும்தான் சொல்ல வேண்டும். அவற்றைக் கேட்ட பிறகு நிம்மதியாகத் தூங்குங்கள்.